சட்டைப்பையில் ஒரு சர்க்கரைக்கட்டி: தாழ்சர்க்கரையின் நூறாண்டு வரலாறு

1921ஆம் ஆண்டின் இறுதியில், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கணையச் சாற்றைத் தூய்மைப்படுத்தும் பொறுப்பை ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்வேதியியலாளர் ஏற்றார். பேன்டிங்கும் பெஸ்டும் அதுவரை நாய்களைக் கொண்டு சோதித்து வந்தனர். காலிப் நலமான முயல்களுக்குச் சாற்றைச் செலுத்தி, அவற்றின் இரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார். அளவு மிகுந்தபோது முயல்கள் வலிப்புக் கண்டு விழுந்தன. குளுக்கோஸ் செலுத்தியதும் மீண்டு எழுந்தன. இன்சுலின் மனித உடலில் தன் ஆற்றலைக் காட்டுமுன்பே, அதன் ஆபத்தும் அந்த ஆபத்துக்கான மாற்றும் ஒரே மேசையில் கண்டறியப்பட்டுவிட்டன.

1922 ஜனவரி 11 அன்று, டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது பெரிதும் பயன்தரவில்லை. ஜனவரி 23 முதல் காலிப் தூய்மைப்படுத்திய சாறு தரப்பட்டபோது பலன் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்னர், நோயாளியைக் கடும் பட்டினியில் வைத்து ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிப்பதே நடைமுறையிலிருந்த சிறந்த சிகிச்சை. அந்த நிலையிலிருந்து மீண்டவர்களே தாழ்சர்க்கரை என்னும் புதிய அனுபவத்தையும் முதலில் சந்தித்தனர். மருத்துவர்கள் 'ஹைப்போகிளைசீமியா' என்றும், பேச்சுவழக்கில் நாம் 'லோ சுகர்' என்றும் சொல்லும் இந்நிலை, நீரிழிவு நோயைப் பொறுத்தவரை நோயின் பிள்ளை அன்று, மருந்தின் பிள்ளை.

அம்மருந்தின் அளவீட்டிலேயே இந்த உறவு பதிந்துள்ளது. ஒரு நாள் பட்டினியிருந்த, இரண்டு கிலோ எடையுள்ள முயலின் இரத்தச் சர்க்கரையை, 100 மில்லிலிட்டருக்கு 45 மில்லிகிராம் என்னும் வலிப்பு எல்லைக்கு இறக்கத் தேவையான அளவே தொடக்கத்தில் ஒரு யூனிட் எனப்பட்டது. மனிதருக்கு அது மிகுதி என்று கண்டபின், அதன் மூன்றில் ஒரு பங்கு ஒரு யூனிட்டாகக் கொள்ளப்பட்டது. 1923இல் உலக நாடுகள் சங்கத்தின் சுகாதாரக் குழு அதனை ஏற்றது. இன்று ஊசிக்குழலின் கோடுகளில் காணும் யூனிட் அந்த முயலின் வழித்தோன்றலே.

1922இலேயே டொராண்டோ மருத்துவர்களான ஃப்ளெட்சரும் கேம்பெல்லும் மனிதரிடம் தோன்றும் தாழ்சர்க்கரைக் குறிகளைத் தொகுத்து வெளியிட்டனர். அக்குறிகள் இரு வகைப்படும் என்பது பிற்காலத்தில் தெளிவானது. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை முதல் வகை. அட்ரினலின் முதலியவற்றின் வழியே உடல் எழுப்பும் எச்சரிக்கை. குழப்பம், நாக்குழறல், காரணமற்ற சினம், வலிப்பு, மயக்கம் ஆகியவை இரண்டாம் வகை. எரிபொருள் இன்றி மூளை தடுமாறுவதன் விளைவு. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்விலிருக்கும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. தனக்கெனப் பெரிய சேமிப்பு ஏதும் வைத்துக்கொள்வதில்லை. எனவேதான் தாழ்சர்க்கரையால் தடுமாறுபவரைக் குடித்திருக்கிறார் என்று தெருவில் தவறாக எண்ணிவிடுகின்றனர்.

இங்கு மருத்துவத்தின் அதிகார அமைப்பில் ஒரு மாற்றம் கட்டாயமாயிற்று. இரவு மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பவரின் அருகில் மருத்துவர் இருப்பதில்லை. என்ன நேர்கிறது என்று நோயாளியே அறிந்து, அவரே சர்க்கரையை வாயில் இட்டுக்கொள்ள வேண்டும். அவரால் இயலாதபோது வீட்டார் செய்ய வேண்டும். பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் 1918இலேயே நோயாளிகளுக்கெனக் கையேடு வெளியிட்டிருந்தார். இன்சுலின் வந்தபின் அத்தகைய கல்வி சிகிச்சையின் பிரிக்கமுடியாத உறுப்பாயிற்று.

இம்மாற்றத்துக்குச் சிறந்த சான்று லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ். அவரே நீரிழிவு நோயாளி. மரணத்தை எதிர்நோக்கி இத்தாலியில் வாழ்ந்தவர், 1923இல் லண்டன் திரும்பி இன்சுலின் பெற்றுப் பிழைத்தார். உடற்பயிற்சி இன்சுலினின் செயலைக் கூர்மையாக்குகிறது என்பதை 1926இல் எழுதினார். வழக்கத்தைவிட மிகுதியாக நடந்த நாளில் சர்க்கரை இறங்கும் என்ற இன்றைய அறிவுரையின் வேர் அங்குள்ளது. 1934இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் இணைந்து நீரிழிவு நோயாளிகளுக்கான சங்கத்தையும் அவர் தோற்றுவித்தார்.

அதன்பின் வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் ஆபத்தின் வடிவத்தையும் நேரத்தையும் மாற்றியது. 1936இல் டென்மார்க்கின் ஹாகெடோர்ன் புரோட்டமின் சேர்த்து நெடுநேரம் செயல்படும் இன்சுலினை உருவாக்கினார். ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் ஓசையின்றி மெல்ல வரும் இரவுநேரத் தாழ்சர்க்கரை பெருகியது. 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் குடற்காய்ச்சலுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது, நோயாளிகளின் சர்க்கரை இறங்கிச் சிலர் இறந்தனர். மார்செல் ஜான்போன் கண்ட இந்தத் தீய விளைவை லூபாத்தியே ஆராய்ந்தார். சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் அதிலிருந்து பிறந்தன. இந்தியாவில் பரவலாக வழங்கிய கிளைபென்கிளமைடு இவ்வகையைச் சேர்ந்தது. ஊசியே போடாத முதியவருக்கும் தாழ்சர்க்கரை வரலாம் என்பதும், ஒருமுறை சர்க்கரை கொடுத்துத் தேறியவர் சில மணி நேரத்தில் மீண்டும் சரியலாம் என்பதும் இம்மாத்திரைகள் கற்பித்த பாடம்.

1938இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் தாழ்சர்க்கரையை உறுதிசெய்ய மூன்று நிபந்தனைகளை முன்வைத்தார்: குறிகள் இருக்க வேண்டும், அந்நேரத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்ததும் குறிகள் நீங்க வேண்டும். மூன்றாம் நிபந்தனையில் காலிப்பின் முயல் மீண்டும் எழுந்து நிற்கிறது. இரண்டாவதை வீட்டில் நிறுவ நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. அடிக்கடி தாழ்சர்க்கரைக்கு ஆளான அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்ட அளவுமானியை 1969இல் மருத்துவரான தம் மனைவியின் பெயரில் வாங்கித் தம்மைத் தாமே சோதித்தார். நோயாளியின் கையில் அளவுமானி வருவதற்கு நோயாளியே போராட வேண்டியிருந்தது.

1993இல் வெளியான, 1,441 பேர் பங்கேற்ற டிசிசிடி ஆய்வு, கடும் கட்டுப்பாடு கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் காக்கிறது என்று நிறுவியது. கடுமையான தாழ்சர்க்கரை அக்குழுவில் ஏறத்தாழ மும்மடங்கானது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. அக்காலத்திலேயே ஃபிலிப் கிரையர், திரும்பத் திரும்ப வரும் தாழ்சர்க்கரை உடலின் எச்சரிக்கைக் குறிகளையே மழுக்கிவிடுகிறது என்பதை விளக்கினார். சில வாரங்கள் தாழ்வு நேராமல் பார்த்துக்கொண்டால் அவ்வுணர்வு பெருமளவு மீளக்கூடும். 2008இல் 10,251 பேர் பங்கேற்ற அக்கார்டு ஆய்வில், கடும் கட்டுப்பாட்டுக் குழுவில் இறப்பு மிகுந்ததால் அப்பகுதி முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் இலக்கைத் தளர்த்தலாம் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது.

இந்த நூறாண்டு அறிவு இன்று சில எளிய விதிகளாக வழங்குகிறது. 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் விழிப்பு. 54க்குக் கீழே ஆபத்து. நினைவோடு இருப்பவர் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஏறவில்லையெனில் திரும்பவும் உட்கொள்ள வேண்டும். ஏறியபின் அடுத்த வேளை உணவு தொலைவில் இருந்தால் சிறிது உண்ண வேண்டும். கொழுப்பு மிகுந்த இனிப்புகள் மெதுவாகவே செரிக்கும் என்பதால் முதலுதவிக்கு உகந்தவை அல்ல. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. குளுக்ககான் ஊசியோ மருத்துவமனையில் சிரைவழிக் குளுக்கோஸோதான் வழி.

இந்தியாவில் இவ்விதிகளுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. இங்கு இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையவை. 100 யூனிட் செறிவுடையவையும் விற்கின்றன. 40க்குரிய ஊசிக்குழலில் 100 செறிவு மருந்தை எடுத்தால், கோடு ஒன்றாயினும் உடலில் சேர்வது இரண்டரை மடங்கு. நோன்பு மற்றொன்று: இந்தியா உட்பட 13 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான எபிடியார் ஆய்வு, ரமலான் மாதத்தில் கடுமையான தாழ்சர்க்கரை பன்மடங்கு பெருகுவதைக் காட்டியது. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் உண்ணாதிருந்து மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்குபவருக்கும் இதே ஆபத்து உண்டு. விரதத்தைத் தடுப்பதைவிட, விரதம் தொடங்குமுன் மருந்தளவை மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளும் வழக்கமே உயிர்காக்கும்.

எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி. பகலில் 250க்கும் இரவில் 50க்கும் இடையே அலைக்கழியும் ஒருவரின் சராசரி, பார்வைக்கு நன்றாகவே இருக்கக்கூடும். அந்த இரவுகளை அறிந்தவர்கள் நோயாளியும், வியர்வையில் நனைந்த அவரை உலுக்கி எழுப்பியவருமே. ஆய்வறிக்கையைப் படிக்குமுன் அவ்விருவரிடமும் "எத்தனை முறை இறங்கியது?" என்று கேட்பதைத்தான், டொராண்டோ முயல்கள் தொடங்கிவைத்த இவ்வரலாறு மருத்துவத்துக்குக் கற்றுத்தந்திருக்கிறது.