கிராபிக்ஸ் கார்டு: விலையுடன் நினைவகமும் முக்கியம்

கணினி விளையாட்டுகளுக்கான தனி கிராபிக்ஸ் கார்டு சந்தையில் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. பெரும்பங்கு என்விடியாவிடம் உள்ளது.

அந்நிறுவனம் 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டை 699 டாலருக்கும், 2022-இல் அதற்கு அடுத்த தலைமுறையான 4080 கார்டை 1,199 டாலருக்கும் அறிமுகப்படுத்தியது.

குறைந்த விலைப் பிரிவில் போட்டி தொடர்கிறது. 2023-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி நினைவகத்துடன் 299 டாலருக்கு அறிமுகமானது. 2024 டிசம்பரில் வந்த இன்டெல்லின் ஆர்க் பி580, 12 ஜிபி நினைவகத்துடன் 249 டாலருக்கு அறிமுகமானது.

நினைவகம் போதாவிட்டால், உயர்தரக் காட்சிகளில் விளையாட்டு தடைபடும். அமெரிக்க அறிமுக விலையில் வரி சேராது; இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. எனவே, உள்நாட்டு விலையையும் நினைவக அளவையும் ஒப்பிட்டு வாங்குவதே பயனளிக்கும்.