நடுவில் நிற்காத கோபுரம்: பிரஸ்ஸல்ஸ் டவுன் ஹாலின் கதை

இந்த எபிசோடில் பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்குப் போகலாம். ஊரின் மையத்தில் கிராண்ட் பிளேஸ் என்ற பெரிய சதுக்கம். அதில் எல்லாவற்றையும் விட உயரமாக நிற்பது டவுன் ஹால். அதன் கோபுரம் 96 மீட்டர். உச்சியில் ஊரின் காவலரான புனித மிக்கேல் சிலை.

எதிரே நின்று பார்த்தால் ஒன்று கண்ணை உறுத்தும். கோபுரம் நடுவில் இல்லை. அதற்கு இடது பக்கம் நீளம், வலது பக்கம் குட்டை. கோபுரத்துக்கு அடியில் உள்ள வாசல்கூட சரியாக மையத்தில் இல்லாமல் ஒதுங்கித்தான் இருக்கு.

இதற்கு ஊரில் ஒரு கதை சொல்வாங்க. கட்டி முடித்த பிறகுதான் கட்டடக் கலைஞர் தப்பைப் பார்த்தாராம். மனசு உடைந்து கோபுரத்தில் இருந்தே குதித்துவிட்டாராம். கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிற்காது.

முதலில் கட்டியது இடது பக்கம் மட்டும்தான். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1420 வாக்கில் முடித்தார்கள். பக்கத்தில் ஒரு சின்ன மணிக்கோபுரம். அவ்வளவுதான் திட்டம். வலது பக்கம் என்ற யோசனையே அப்போது கிடையாது.

ஏன்னா, அன்றைக்கு நகர நிர்வாகம் ஏழு பெரிய குடும்பங்களின் கையில் இருந்தது. நெசவாளர், கசாப்புக்காரர், ரொட்டி சுடுபவர் எல்லாம் வரி கட்டலாம், ஆட்சியில் உட்கார முடியாது. 1421இல் கைவினைஞர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அவர்களுடைய சங்கங்களுக்கும் ஆட்சியில் பங்கு கிடைத்தது. புதிதாக வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமே! வலது பக்கம் எழுந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். 1444இல் அதற்கு முதல் கல்லை வைத்தவர், பின்னாளில் பர்கண்டியின் பிரபுவான சார்லஸ். அப்போது அவருக்குப் பத்து வயசு.

கோபுரம் அதற்கும் பிறகு. 1449இல் யான் வான் ரூஸ்புரூக் அதைத் தொடங்கினார், 1455இல் உச்சியில் மிக்கேல் ஏறினார். ஆக, அரை நூற்றாண்டில் மூன்று கட்டமாக வளர்ந்த கட்டடம் இது. ஒரே ஆள் ஒரே தாளில் வரைந்த திட்டமே இல்லை என்றால், அந்த ஆள் எங்கே தப்பு செய்வது?

1695 ஆகஸ்டில் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை மூன்று நாள் ஊரைக் குண்டு வீசித் தாக்கியது. பீரங்கிகளுக்குக் குறியே இந்தக் கோபுரம்தான். சுற்றியிருந்த வீடுகள் தரைமட்டம், டவுன் ஹாலின் உள்பகுதி தீயில் போனது. கோபுரம் மட்டும் விழவில்லை. அடுத்த நூற்றாண்டில் பின்பக்கம் புதிய பகுதிகளைச் சேர்த்தார்கள். எந்தப் பாணியில் தெரியுமா? அதே பிரெஞ்சுப் பாணியில்!

முகப்பில் இன்று வரிசையாக நிற்கும் சிலைகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. மேலே இருக்கும் மிக்கேலும் நகல்தான். அசல் சிலை எதிரே உள்ள நகர அருங்காட்சியகத்தில் இருக்கு.

என்னைக் கேட்டால், அந்தக் குதித்த கதையில் ஒரு அநியாயம் இருக்கு. உழைக்கிற மக்கள் போராடி வாங்கிய இடத்தை, ஒரு தனி மனிதரின் கணக்குப் பிழையாக அது மாற்றிவிடுகிறது. அந்தக் குட்டையான வலது பக்கம் பிழை இல்லை. பின்னால் வந்தவர்களுக்காகப் போட்ட நாற்காலி.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.