நிக்கலின் வடிவம் கண்ட நைஹோம்

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில், கடலினின்றும் நெடுந்தொலைவில், புறோக்கன் ஹில் என்றொரு சுரங்கப் பட்டினம் உண்டு. வெள்ளியும் ஈயமும் நாகமும் அகழ்ந்து பெயர்பெற்ற ஊர். அதன் வீதிப் பெயர்களைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவீர்கள்: ஒட்சைட்டு வீதி, சல்பைட்டு வீதி, குளோரைட்டு வீதி! அவ்வூரில் 1917 ஆம் ஆண்டு பிறந்த றொனால்டு நைஹோம் இரசாயனம் பயின்றதில் வியப்பில்லை என வேடிக்கையாகச் சொல்லலாம்.

சிட்னிப் பல்கலைக்கழகத்திற் கற்று, சிட்னித் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த அவர், டுவையர் என்னும் அறிஞரோடு கூடி உலோகச் சிக்கற் சேர்வைகளை ஆராயத் தொடங்கினார். 1947 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார்.

இரசாயனத்திலே காந்தத்திற்கு என்ன வேலை? அணுவினுள் இலத்திரன்கள் பெரும்பாலும் இணையிணையாக இருப்பன. இணைந்தவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். துணையின்றித் தனித்து நிற்கும் இலத்திரன் உள்ள பொருளையே காந்தம் தன்பால் இழுக்கும். ஆகவே சேர்வையைப் பொடிசெய்து கண்ணாடிக் குழாயில் இட்டுத் தராசிலே தொங்கவிட்டு, குழாயின் அடி ஒரு மின்காந்தத்தின் முனைவுகளிடையே நிற்குமாறு அமைத்து, மின்னோட்டத்தைச் செலுத்தினால், குழாய் கனத்ததுபோலத் தோன்றும். அக்கனத்தைக்கொண்டு தனித்த இலத்திரன்கள் எத்தனை என்று கணக்கிடலாம். கண்ணுக்குப் புலனாகாததைத் தராசிலே எண்ணும் இவ்வுபாயம், கலைப் பட்டதாரியாகிய எனக்கும் இனிக்கின்றது.

நான்கு அயலணுக்கள் சூழ்ந்த நிக்கல் சேர்வை சதுரம்போலத் தட்டையாயின், காந்தம் அதனை இழுப்பதில்லை. நான்முகி வடிவாயின் இரண்டு இலத்திரன்கள் தனித்து நிற்கும், அது இழுபடும். கொள்கை இவ்வாறு கூறினும், நான்முகி எனக் கருதப்பட்ட சேர்வைகள் சில, ஆராய்ந்தபோது ஆறு அயலணுக்கள் சூழ்ந்த எண்முகிகளாக முடிந்தன. எண்முகியிலும் தனித்த இலத்திரன்கள் இரண்டே அல்லவா? அப்படியாயின் நான்முகி நிக்கல் உண்மையில் உண்டா? எண்ணிக்கை ஒன்றாயினும், நான்முகியிற் காந்தத்தன்மை சற்றே மிகுந்திருக்கும். அச்சிறு மிகுதியே துப்பாயிற்று. 1959 இல் நைஹோமும் கில் என்பாரும் வெளியிட்ட கட்டுரை, நான்கு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்த நீலநிற நிக்கல் சேர்வையை எடுத்துக்காட்டியது. அக்காலத்தில் வேறு சிலரும் அம்முடிவை நெருங்கியிருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.

இதற்கிடையில், 1955 இல் அக்கல்லூரியிலேயே பேராசிரியரானார். மறு ஆண்டு அவர் நிகழ்த்திய தொடக்கவுரையின் பொருள், அசேதன இரசாயனத்தின் மறுமலர்ச்சி. நிறம், உருகுநிலை, தயாரிக்கும் முறை என நெட்டுருப் பண்ணும் பட்டியலாகவே பலர் அத்துறையை அறிந்திருந்தனர். நம் வகுப்பறைகளில் அந்நெட்டுரு முற்றும் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லத் துணியேன். 1957 இல் கில்லெஸ்பி என்பாரோடு அவர் எழுதிய கட்டுரை, இலத்திரன் சோடிகள் ஒன்றையொன்று விலக்குவதைக்கொண்டே மூலக்கூறின் வடிவத்தை ஊகிக்க வழி காட்டிற்று. நீர் மூலக்கூறு வளைந்திருப்பது ஏன் என மாணவன் கேட்டால், ஆசிரியர் இன்றும் அவ்வழியையே நாடுகிறார்.

பிரித்தானியப் பள்ளிகளின் இரசாயனக் கல்வியைச் சீர்திருத்த நபீல்டு நிறுவனம் மேற்கொண்ட பணியிலும் அவர் முன்னின்றார். 1967 இல் 'சேர்' பட்டம் பெற்றார். 1971 திசெம்பர் 4 ஆந் திகதி, கேம்பிரிட்சுக்கு அருகே நிகழ்ந்த மோட்டார் விபத்தில், தமது 54 ஆம் வயதில் உயிர்நீத்தார்.