பிரிட்டனிற் குடிபுகுவோர் ஆவணம்

ஒரு பொருளின்மேல் ஒருவர்க்குள்ள உரிமையை நாட்டுதற்கு ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்று வழிகளை நம் முன்னோர் வகுத்தனர். திருமண நாளில் வந்து வழக்கிட்ட கிழவர் கையிலிருந்த ஆளோலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்தெறிந்த வரலாறு அன்பர்கள் அறிந்ததே. கிழிந்தது படியோலை, மூலவோலையோ கிழவர்பால் இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதனைக் காட்டவே வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. மூலம் எவர் கையிலுளதோ அவர்க்கே வலிமை மிகுதி. இதனை மனத்திற்கொண்டு, பிறநாட்டார் பிரிட்டனிற் குடிபுகுவதற்குரிய ஆவணம் காகிதத்தினின்றும் கணினிக்குச் சென்ற வரலாற்றை ஈண்டு ஆராய்வாம். நம்மவர் மக்கள் பலர் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அந்நாட்டிற்குச் செல்லுகின்றாராகலின், இது பயனில் முயற்சியாகாதென நம்புகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுட் புகுவாரைச் சீட்டுக் கேட்டு நிறுத்தும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. 1905-ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டமே முதன்முதல் துறைமுகங்களிற் சோதனையை ஏற்படுத்தியது. 1914-இல் போர் மூண்டதும் அயல்நாட்டார் போலீசாரிடம் தம் பெயரைப் பதிந்துகொள்ளல் வேண்டுமென்று விதித்தனர். போரின் பொருட்டு வந்த அப்பதிவு முறை, வடிவம் மாறிப் பலகாலும் சுருங்கி, 2022-ஆம் ஆண்டுவரை நிலைத்திருந்தமை வியப்பிற்குரியது. சர்க்கார் விதிகள் பிறக்கும் காரணம் வேறு, வாழும் காரணம் வேறு போலும்!

1948-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் எம்பயர் விண்ட்ரஷ் என்னும் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து பல நூற்றுவரை ஏற்றிக்கொண்டு வந்து டில்பரித் துறையில் இறக்கியது. அவர்களும் அவர்க்குப் பின் வந்தோரும் அயலாராக வந்தவரல்லர். ஒரே முடியின்கீழ் வாழ்ந்த பிரஜைகள். போரால் நலிந்த நாட்டிற்குத் தொழிலாளர் வேண்டியிருந்தமையின் வரவேற்கப்பட்டனர். சிறுவர் பலர் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே பெயர் குறிக்கப்பெற்று வந்தனர். 1962-ஆம் ஆண்டுச் சட்டம் காமன்வெல்த்து மக்களின் வரவைக் கட்டுப்படுத்திற்று. 1971-இல் இயற்றப்பட்ட சட்டம் 1973 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் குடியமர்ந்தோர் தொடர்ந்து வாழும் உரிமையுடையர் என்று அச்சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவ்வுரிமையுடையார் இன்னாரென்று சர்க்கார் ஏடொன்றும் எழுதி வைத்ததில்லை. அவர்தம் கையில் ஓலையொன்றும் கொடுத்ததுமில்லை. உரிமை சட்டத்தில் இருந்தது. அதற்குச் சான்று எங்கும் இல்லை.

கேட்பாரில்லாதவரை இக்குறை வெளிப்படவில்லை. 2012 முதல், உரிமையற்றோர்க்கு வாழ்க்கையை அரிதாக்கும் கொள்கையை அந்நாட்டு உள்நாட்டு இலாகா மேற்கொண்டது. 2014, 2016-ஆம் ஆண்டுச் சட்டங்களால் வீட்டுச் சொந்தக்காரரும் பாங்கியாரும் ஆவணம் கேட்கும் காவலராயினர். தொழில் கொடுப்போர்க்கு முன்னரே இருந்த அக்கடமை மேலும் இறுகியது. ஐம்பது ஆண்டு உழைத்து வரி செலுத்திய முதியோர், அங்கு வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டிற்கும் தனித்தனிச் சான்று கொணர்க என்று பணிக்கப்பட்டனர். பள்ளிப் பதிவேடு அழிந்திருக்கும், பழைய முதலாளி இறந்திருப்பார், எங்ஙனம் கொணர்வது? அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டக்கூடிய இறங்கு சீட்டுக்கள் உள்நாட்டு இலாகாவிடம் இருந்தன; அவற்றை அவ்விலாகாவே 2010-இல் அழித்துவிட்டது. வேலை இழந்தோரும், மருத்துவம் மறுக்கப்பட்டோரும், சிறைவைக்கப்பட்டோரும் உளர். தவறாக வெளியேற்றப்பட்டிருத்தல் கூடுமென்று 83 பேரைச் சர்க்காரே 2018-இற் கணக்கிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் உள்நாட்டு மந்திரி ஆம்பர் ரட் பதவி துறந்தார். வெண்டி வில்லியம்ஸ் அம்மையார் ஆராய்ந்தளித்த அறிக்கை 2020 மார்ச்சில் வெளிவந்தது.

இதனைக் காட்டிக் காகிதமே காப்பு, கணினி கேடு என்பாருமுளர். யாம் அங்ஙனம் முற்றும் கருதவில்லை. விண்ட்ரஷ் மக்கள் கையில் காகிதமும் இல்லை. இலாகாவின் கையில் ஏடும் இல்லை. 1973-இலேயே நம்பத்தக்க பதிவேடொன்று எழுதப்பட்டிருந்தால் அவருட் பலர் துன்புற்றிரார். காகிதம் எரியும், நனையும், திருடுபோகும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பறித்துத் தம் பெட்டியிற் பூட்டிவைக்கும் முதலாளிமார் பல நாடுகளிலும் உளர். ஆயினும் ஏடு ஒருவர் வீட்டில் மட்டும் இருப்பின், அவர் அதனை இழந்தாலும் பிழைபட எழுதினாலும் மற்றவர்க்குப் புகலென்ன என்பதே வினா.

2008 நவம்பர் முதல் அயல்நாட்டார்க்குப் புகைப்படமும் கைரேகையும் சில்லில் அடங்கிய வதிவு அட்டை வழங்கினர். பின்னர் ஐரோப்பியக் கூட்டுறவினின்றும் பிரிட்டன் விலகியபோது, அங்கு வாழ்ந்த ஐரோப்பியர்க்கென 2019-இல் முற்றும் திறக்கப்பட்ட திட்டத்தில், அவருட் பெரும்பாலார்க்கு அட்டையே கொடுபடவில்லை. உரிமை கணினியில் மட்டுமே பதியப்பட்டது. கையிற் பிடிக்கத்தக்க சான்றும் வேண்டுமென்று 2020-இல் பிரபுக்கள் சபை வாக்களித்தது. பொதுச்சபை அதனை ஒப்பவில்லை. ஈண்டுப் பிரபுக்கள் சபையின் கருத்தே எமக்கு நேரிதாகத் தோன்றுகின்றது. மூலம் சர்க்காரிடம் இருக்கட்டும். படியோலையாவது குடியினிடம் இருத்தல் வேண்டாவோ?

பிறர்க்கும் அம்முறையே வந்தது. 2024 அக்டோபரோடு வதிவு அட்டை வழங்குதல் நின்றது. வழக்கிலிருந்த அட்டைகளிற் பெரும்பாலானவை அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாளையே இறுதி நாளாகக் கொண்டிருந்தன. எல்லாரும் கணக்குத் திறந்துகொள்ளாமையாலும், விமான நிலையங்களிற் குழப்பம் நேருமென்னும் அச்சத்தாலும், காலங்கழிந்த அட்டையைப் பிரயாணத்திற்கு 2025 மார்ச்சு வரையிலும், பின்னர் ஜூன் முதல் நாள் வரையிலும் ஏற்பதாக அறிவித்தனர். அவ்வாண்டு ஜூலை 15 முதல் மாணாக்கர், தொழிலாளர் ஆகியோருட் பெரும்பாலார்க்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விஸாச் சீட்டும் நின்றது.

மின்விஸா என்பது ஒரு பொருளன்று. உள்நாட்டு இலாகாவின் கணினியிலுள்ள ஒரு பதிவு. உரியவர் தம் கணக்கினுட் புகுந்து ஒன்பது எழுத்தும் எண்ணும் கலந்த பகிர்குறி ஒன்றைப் பெறுவர். அது 90 நாள் செல்லும். தொழிலுக்கெனப் பெற்றது வேறு, வீட்டு வாடகைக்கெனப் பெற்றது வேறு. கேட்பவர் அக்குறியையும் பிறந்த தேதியையும் இட, உரியவரின் புகைப்படமும் உரிமையும் திரையில் தோன்றும். வசதிதான், ஆனால் முதியோர்க்கும், கைபேசியோ மின்னஞ்சலோ பிறர் கையிலிருப்போர்க்கும் அன்று. விண்ணப்பித்து முடிவிற்குக் காத்திருப்போர்க்குத் தம் இடைக்கால உரிமையைக் காட்ட வழியின்றி இருந்தது. அவர்க்கு மின்சான்று அளியாமை சட்டத்திற்கு மாறென்று 2024-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வழக்கு மின்முறையோடு மட்டுமன்று, எம்முறையிலேனும் சான்றின்றி விடுதலோடு என்பது பெறப்படும்.

ஆண்டுச் செல்லும் நம் இளைஞர் கருதத்தக்கன சில. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய எண்ணைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சேர்க்காதார் விமான நிலையத்தில் தடைப்படுதல் கூடும். பெயர், பிறந்த தேதி, உரிமை முடியும் நாள் ஆகியவற்றைக் கணக்கிற் பார்த்துப் பிழையிருப்பின் உடனே எழுதித் திருத்துக. கணக்குப் பக்கத்தை அச்சிட்டு வைத்தல் சட்டப்படி சான்றாகாதெனினும், பிழை நேர்ந்த ஞான்று முன்பு இருந்த நிலையைக் காட்டி முறையிட உதவும். காலங்கழிந்த வதிவு அட்டையையும் எறிந்துவிடலாகாது. பின்னாளில் விண்ணப்பிக்குங்கால் துணையாகுமாதலின் அதனைப் பேணி வைத்துக்கொள்க என்று, அட்டையை ஒழித்த அவ்விலாகாவே அறிவித்திருக்கின்றது.