அணு மின்சாரத்தின் விலை: தாராப்பூர் முதல் கூடங்குளம் வரை

1954-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ், மீட்டர் வைத்துக் கணக்கெடுக்கத் தேவையில்லாத அளவுக்கு மின்சாரம் மலிவாகும் காலம் வரும் என்றார். இந்தியாவில் ஹோமி பாபா அவ்வளவு தூரம் போகவில்லை. நிலக்கரி வயல்கள் பெரும்பாலும் நாட்டின் கிழக்கே உள்ளன. மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஊர்களுக்கு அதை ரயிலில் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால், அங்கே அணு மின்சாரம் நிலக்கரிக்கு ஈடுகொடுக்கும் என்பதே அவரது வாதம்.

மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் 1969-இல் இயங்கத் தொடங்கிய இரு உலைகள் அந்த வாதத்தை மெய்ப்பித்தன என்று சொல்லப்படுவதுண்டு. 2010-களின் தொடக்கத்திலும் அவற்றின் மின்சாரம் யூனிட் ஒரு ரூபாய்க்கும் குறைவாகவே விற்கப்பட்டது. ஆனால் அவற்றைக் கட்டுவதற்கு அமெரிக்க அரசு மிகக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் தந்திருந்தது. கட்டுமானச் செலவும் என்றோ ஈடாகிவிட்டது. அந்த மலிவு விலையில் இவற்றுக்கும் பெரும் பங்கு உண்டு.

அனல் மின்நிலையத்தின் செலவில் பெரும்பகுதி எரிபொருளுக்கே போகிறது. ஒடிசாவின் நிலக்கரி கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அணுமின் நிலையத்தில் இது தலைகீழ். யுரேனியத்துக்கு ஆகும் செலவு குறைவு, கட்டிடத்துக்கும் உலைக்கும் ஆகும் செலவு மிக அதிகம். அந்தப் பணத்துக்கு, ஒரு யூனிட் மின்சாரமும் வராத ஆண்டுகளிலும் வட்டி ஏறும். ஆகவே தாமதமே அணு மின்சாரத்தின் பெரிய செலவு.

கூடங்குளம் இதற்குச் சரியான சான்று. 1988-இல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. சில ஆண்டுகளில் அந்த நாடே இல்லாமற் போனது. கட்டுமானம் 2002-இல்தான் தொடங்கியது. 2007 இறுதியில் முடிந்திருக்க வேண்டிய முதல் உலை, 2014 டிசம்பர் 31 அன்றுதான் வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது 2017 மார்ச்சில். புகுஷிமா விபத்துக்குப் பின் 2011-இல் இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டத்தால் வேலை சில மாதங்கள் நின்றது உண்மை. எனினும் குறித்த காலம் அதற்கு முன்பே சில ஆண்டுகள் கடந்திருந்தது. இரு உலைகளுக்கும் 13,171 கோடி ரூபாய் என்றிருந்த மதிப்பீடு 22,462 கோடியானது. மின்சாரம் யூனிட் சுமார் 4 ரூபாய்க்கு விற்கப்பட்டது.

இதற்கிடையே சூரிய மின்சாரம் குறுக்கே வந்தது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையத்துக்குத் தமிழ்நாடு ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். மறு ஆண்டே ராஜஸ்தானின் பட்லா பூங்காவுக்கான ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் இந்த விலையை அப்படியே அணு மின்சாரத்தோடு ஒப்பிடுவது முறையாகாது. பொழுது சாய்ந்தபின் மின்சாரம் தரும் மின்கலத்தின் செலவு அதில் இல்லை.

அணு மின்சாரத்தின் விலையிலும் ஒளிந்திருக்கும் கேள்விகள் உண்டு. விபத்து நேர்ந்தால் நிலையத்தை நடத்துபவர் தரவேண்டிய இழப்பீட்டுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 1,500 கோடி ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. உலையை மூடிப் பிரித்து அகற்றும் நாளுக்காக யூனிட்டுக்கு 2 காசு சேர்த்து வைக்கப்படுகிறது. இந்தியாவில் இதுவரை எந்த மின் உலையும் முழுதாகப் பிரிக்கப்படாததால், அந்த 2 காசு போதுமா என்று எவரும் இன்னும் கணக்குப் பார்க்க நேரவில்லை.