இருமுறை ஆடும் மந்திரவாதி: ஒரு விளையாட்டு விதியின் நாற்பதாண்டு வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் வீட்டுக் கூடத்தில் நான்கு மாணவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தனர். கணினி இல்லை, கைப்பேசி இல்லை. தாளும் பென்சிலும் பல முகப் பகடைகளும் மட்டுமே இருந்தன. ஒருவன் கதையை நடத்த, ஏனைய மூவரும் ஆளுக்கொரு பாத்திரமேற்று, குகையில் என்ன செய்வது என்று தமிழிலேயே வாதாடினர். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியில் நிறுத்திவிடும் பிள்ளைகள் இவ்வளவு பேசுகிறார்களே என்று மகிழ்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். போர்வீராங்கனையாக ஆடிய மாணவி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். காரணம் கேட்டேன். "என் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, ஐயா. அவன் மட்டும் இரண்டு முறை ஆடுகிறான்" என்றாள்.

மந்திரவாதியாக ஆடிய மாணவன் ஏமாற்றவில்லை. தன் அண்ணன் வைத்திருந்த பழைய விதிநூலை விரித்துக் காட்டினான். விதி அவன் பக்கமே இருந்தது. அப்படியானால் தவறு எங்கே? அதைத் தேடப்போய் அறிந்துகொண்டதே இக்கட்டுரை.

அவர்கள் ஆடியது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எனும் விளையாட்டு. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் இதனைப் படைத்தனர். சிக்கலுக்குக் காரணமான மந்திரத்தின் பெயர் 'ஹேஸ்ட்'. நாம் விரைவு மந்திரம் என்று அழைப்போம். அது முதற்பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது.

இவ்விளையாட்டின் வேர் போர் விளையாட்டில் இருக்கிறது. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் விதிநூலில் சிறு பொம்மைகள் படைகளாக அணிவகுத்தன. மந்திரவாதி பீரங்கியைப்போல் பயன்பட்டான். அந்தப் படைச் சிந்தனையின் சுவடு 1974ஆம் ஆண்டு விதியிலும் தெரிகிறது. விரைவு மந்திரம் ஒரே நேரத்தில் 24 பேர் வரை விரைவுபடுத்தியது. படைக்கு அது பொருந்தும். ஆனால், புதிய விளையாட்டில் ஒருவருக்கு ஒரு பாத்திரம்தான். அங்கே 'முறை' என்பது ஒரு மனிதருக்குக் கிடைக்கும் பங்கு. ஒருவர் இருமுறை ஆடினால், மற்றவரின் பங்கு குறைகிறது.

அடுத்து வந்த மேம்பட்ட பதிப்பில் இம்மந்திரத்திற்கு ஒரு விலை வைத்தனர். மந்திரத்திற்கு உட்பட்டவரின் உடல் விரைந்து இயங்குவதால் அவர் மூப்படைவார் என்றது 1978ஆம் ஆண்டு விதிநூல். ஒவ்வொரு முறையும் ஓராண்டு என்று 1979இல் வெளிவந்த நடத்துநர் நூல் கணக்கிட்டது. வலிமை வேண்டுமா? ஆயுளில் ஓராண்டைக் கொடு! கேட்பதற்கு நீதியான ஏற்பாடுதான்.

ஆயினும், அந்த விலையில் மூன்று குறைகள் இருந்தன. முதலாவது, எல்லாருக்கும் அது ஒரே சுமையன்று. மனிதப் பாத்திரத்திற்கு ஓராண்டு பெரிது. பல நூறு ஆண்டுகள் வாழும் எல்ஃப் இனத்தாருக்கு அது தூசு. இரண்டாவது, முதுமை வந்து சேரும் முன்னரே பெரும்பாலான கதைகள் முடிந்துவிடும். கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும் நாள் வருவதே இல்லை. மூன்றாவது, மந்திரம் ஓதுபவர் மந்திரவாதி. மூப்படைபவரோ அதைப் பெற்ற வீரர். முடிவெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் மற்றொருவர்.

எனினும், அப்பதிப்பில் ஒரு நல்ல வேலி இருந்தது. நடையும் ஆயுத வீச்சும் இரட்டிப்பாகுமே தவிர, மந்திரம் ஓதும் வேகம் இரட்டிப்பாகாது. ஆகவே, மந்திரவாதி கொடுத்தார், வீரர் ஒளிர்ந்தார்.

அந்த வேலி 2000ஆம் ஆண்டில் சாய்ந்தது. 1997இல் விளையாட்டின் உரிமையை வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. மூப்பு என்னும் விலை நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, மந்திரத்திற்கு உட்பட்டவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக ஒரு சிறு செயல் கிடைத்தது. அச்செயலில் இன்னொரு மந்திரமும் ஓதலாம். என் மாணவன் வைத்திருந்தது இந்த நூலையே.

எல்லாருக்கும் ஒரு செயல்தானே கூடுகிறது, இதில் ஓரவஞ்சனை என்ன என்று தோன்றலாம். பத்தாம் நிலை வீரர் அச்செயலால் ஒரே பகைவர்மீது மேலும் ஒரு வாள்வீச்சு வீசுவார். பத்தாம் நிலை மந்திரவாதியோ மேலும் ஒரு நெருப்புக் கோளத்தை எறிவார். அது பத்து ஆறுமுகப் பகடைகளின் சேதம், சராசரியாக 35. அதுவும் ஒருவர்மீதன்று, அவ்விடத்தில் நிற்கும் எல்லார்மீதும்! கொடுத்த அளவு ஒன்றே. பெற்ற பயன் ஒன்றன்று.

தவறு விரைவில் உணரப்பட்டது. 2003இல் வந்த திருத்தப் பதிப்பு கூடுதல் மந்திரத்தை அடியோடு நீக்கியது. முழுத் தாக்குதலின்போது மேலும் ஒரு வீச்சு, சற்றுக் கூடுதல் வேகம், சிறிது தற்காப்பு என்று மந்திரம் சுருங்கியது. சிக்கல் தீர்ந்தது, வலிமையை வெட்டிச் சரிசெய்த தீர்வு அது.

2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு வேறு வழியில் சென்றது. வீரருக்கும் மந்திரவாதிக்கும் ஏறத்தாழ ஒரே அமைப்பிலான ஆற்றல்களை வகுத்துக் கொடுத்தது. சமநிலை கூடியது. ஆனால், எல்லாப் பாத்திரங்களும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று பலர் முறையிட்டனர். பழைய விதிகளைத் தழுவி 2009இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட 'பாத்ஃபைண்டர்' அத்தகையோர் பலரைத் தன்பால் ஈர்த்தது.

2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் வந்த தீர்வே என்னை வியக்கவைத்தது. விரைவு மந்திரம் இப்போது ஒருவருக்கு மட்டுமே. கூடுதல் செயல் உண்டு. ஆனால், ஓர் ஆயுத வீச்சு, ஓட்டம், ஒளிதல் போன்ற சிலவற்றுக்கே அது பயன்படும். மந்திரம் ஓத முடியாது. மந்திரவாதி மனத்தை அதன்மேல் குவித்திருக்க வேண்டும். மனக்குவிப்பு வேண்டும் வேறொரு மந்திரத்தை அவ்வேளையில் அவர் தாங்க இயலாது. அடிபட்டால் பகடை உருட்டி மனக்குவிப்பைக் காக்க வேண்டும். தவறினால் மந்திரம் கலையும். கலைந்த உடனே, அதைப் பெற்றிருந்த தோழர் தம் அடுத்த முறை முடியும் வரை நகரவோ செயல்படவோ முடியாமல் சோர்ந்து நிற்பார். 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலும் இவ்வமைப்பு தொடர்கிறது.

இங்கே விலை எங்கோ முதுமையில் இல்லை. இந்த மேசையிலேயே, இந்தச் சுற்றிலேயே இருக்கிறது. மந்திரவாதி தம் மனத்தை அடகு வைத்து மற்றொருவரை ஒளிரச் செய்கிறார். அந்த ஒருவரும் மந்திரவாதியைக் காக்கக் கடமைப்படுகிறார்.

அடுத்த வாரம் அந்நால்வரிடமும் புதிய விதியை எடுத்துரைத்தேன். மந்திரவாதிக்கு முதலில் முகம் வாடியது. பின்னர்த் தன் மந்திரத்தை அந்தப் போர்வீராங்கனைக்கே கொடுத்தான். அவள் இருமுறை வாள் வீசினாள். பகைவனின் அம்பு மந்திரவாதிமீது பாய்ந்தபோது, பகடை உருண்டு நிற்கும்வரை மேசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. "அவனை என் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்!" என்று முதலில் கத்தியவள் அவள்தான்.

நம் வகுப்பறைகளிலும் இருமுறை ஆடும் மாணவர் உண்டு. கேள்வி முடியும் முன்னரே கை தூக்குவார். குழுப்பணியைத் தாமே முடித்துவிடுவார். 2003ஆம் ஆண்டு விதியைப்போல் அவரை அடக்கியிருக்கிறேன். 2008ஆம் ஆண்டு விதியைப்போல் எல்லாருக்கும் ஒரே பயிற்சித்தாளை நீட்டியும் இருக்கிறேன். அவருடைய ஆற்றல் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்வழி வெளிப்படும்படி ஒரு பணியை அமைக்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

வீட்டில் அண்ணன் தம்பி, அக்காள் தங்கையரிடையே பெற்றோர் இதனை எவ்வாறு கையாள்கின்றீர் என்பதை அறிய ஆவலாயிருக்கிறேன்.