முப்பத்து மூன்று பக்கக் கடிதம்

1938-ஆம் ஆண்டு ஒரு தந்தை தன் மகனைப் பற்றி 33 பக்கங்கள் தட்டச்சு செய்து மருத்துவர் ஒருவருக்கு அனுப்பினார். தந்தை பீமன் டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரின் வழக்கறிஞர். மகன் டொனால்டுக்கு ஐந்து வயது. கடிதம் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கேனரைப் போய்ச் சேர்ந்தது. பையன் ஒரு வயதிலேயே பல பாட்டுகளை மெட்டுப் பிசகாமல் பாடினான். கிறித்தவ மறைக்கல்வியின் 25 கேள்விகளையும் பதில்களையும் ஒப்பித்தான். ஆனால் பெற்றோர் வந்தாலும் போனாலும் அவனிடம் ஒரு சலனமும் இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் தரையில் சுழலவிட்டுத் துள்ளிக் குதித்தான்.

கேனர் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி படிப்பவரை இன்றும் நிறுத்திவிடும். தோளில் தூக்கிக்கொள்ள வேண்டுமென்றால் 'ஆமாம்' என்று சொல்லும்படி தந்தை கற்றுக்கொடுத்தார். பையன் கற்றுக்கொண்டான். அதன்பின் 'ஆமாம்' என்றாலே அவனுக்குத் தோளில் தூக்கச் சொல்வது என்றாகிவிட்டது.

1943-இல் கேனர் வெளியிட்ட கட்டுரையில் எட்டுச் சிறுவர்களும் மூன்று சிறுமிகளும் இடம்பெற்றனர். அதில் முதல் குழந்தை டொனால்டு. மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி ஏறத்தாழ இதே இயல்புகளை 1920-களின் நடுவிலேயே எழுதியிருந்தார். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் எழுதினார். ஆயினும் ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் வேரூன்றியது கேனரின் கட்டுரையால்தான். அந்தக் கட்டுரையோ பெற்றோர் எழுதி வைத்த குறிப்புகள் இல்லாமல் பிறந்திருக்காது. இன்றுவரை ஆட்டிசத்தை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. குழந்தையை நேரில் கவனிப்பதும், அதோடு வாழ்பவர் சொல்வதைக் கேட்பதும்தான் வழி. ஆகவே, ஆட்டிசம் கண்டறிதலின் வரலாற்றைப் பெற்றோரின் சொல்லுக்கு மருத்துவம் எப்போது எவ்வளவு மதிப்புக் கொடுத்தது என்ற வரலாறாகவும் படிக்கலாம்.

அந்த மதிப்பு தொடக்கத்திலேயே சறுக்கியது. தந்தையின் கடிதம் சிறப்பாக இருப்பதாகச் சொன்ன கேனர், அதில் அளவு மீறிய நுணுக்கம் மண்டிக்கிடப்பதாகவும் குறித்தார். கட்டுரையின் இறுதியில், குழந்தைகளைப் பற்றி நாட்குறிப்பு எழுதுவதும், எத்தனை பாட்டுகள் தெரியும் என்று எண்ணி வைப்பதும் பெற்றோரின் மனப்போக்குக்குச் சான்று என்றார். அவர்களில் உள்ளன்பு நிறைந்தோர் மிகச் சிலரே என்றும் எழுதினார். தனக்குச் சான்று தந்த தாள்களையே தந்தவர்களுக்கு எதிராகத் திருப்பினார். பிறவியிலேயே வரும் நிலை இது என்று அதே கட்டுரை முடிவதுதான் இன்னும் வருத்தம் தருவது. அந்த முடிவை உலகம் மறந்தது. பழியை மட்டும் பிடித்துக்கொண்டது.

பழி ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்தது. தாயின் உறைந்த மனமே குழந்தையை உள்ளொடுங்க வைத்தது என்ற கருத்து 1950-களில் பாடமாகவே ஆனது. சிகாகோவில் ஒரு சிறப்புப் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட 'வெறுமையான கோட்டை' என்னும் பொருள்படும் நூல் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை வாசலில் நின்ற தாய்க்குக் கிடைத்தது, அவள்தான் காரணம் என்ற தீர்ப்பு. பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய ஆண்டுகள் தாய்க்கு உளப்பகுப்பாய்வு செய்வதில் கழிந்தன.

இதை உடைத்தவரும் ஒரு தந்தைதான். சான் டியாகோவில் கடற்படை ஆய்வுப்பிரிவில் பணியாற்றிய உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள தன் மகனுக்காகக் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்தார். தாயைக் குற்றம்சாட்டும் கொள்கைக்குச் சான்றே இல்லை என்றும் காரணம் நரம்பியல் சார்ந்தது என்றும் 1964-இல் நூல் எழுதினார். கேனரே அதற்கு முன்னுரை வழங்கினார். நூலின் பின்னிணைப்பில் குழந்தையின் இயல்புகளைக் குறிப்பதற்கான வினாப்பட்டியல் ஒன்று இருந்தது. பெற்றோர்கள் அதைப் பூர்த்தி செய்து ரிம்லண்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். டிரிப்லெட் அனுப்பிய ஒற்றைக் கடிதத்தின் இடத்தில் இப்போது குவியல் குவியலாகத் தாள்கள் வந்தன. 1965-இல் இவரும் பிற பெற்றோரும் சேர்ந்து ஆட்டிசக் குழந்தைகளுக்கான தேசிய அமைப்பைத் தொடங்கினர். 1969-இல் அதன் கூட்டத்தில் பேசிய கேனர், பெற்றோரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபுவழிக் காரணம் வலுவானது என்று காட்டினர்.

பிரிட்டனில் 1962-இலேயே பெற்றோர் ஒன்றுகூடி அமைப்பு ஏற்படுத்தியிருந்தனர். அவர்களில் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவர். ஆட்டிசம் உள்ள மகளின் தாய். அவரும் ஜூடித் கூல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட முடிவு, கேனர் வரைந்த எல்லையை அகலமாக்கியது. கேனரின் விவரிப்புக்கு அச்சாகப் பொருந்தியவர்கள் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ ஐந்து பேர். பழகுதல், பேச்சுப் பரிமாற்றம், கற்பனை விளையாட்டு ஆகிய மூன்றிலும் சேர்ந்தே தடுமாறியவர்கள் அதைப்போல நான்கு மடங்கு. இன்று சொல்லப்படும் 'நிறமாலை' என்ற கருத்துக்கு வித்து இதுதான். எண்ணிக்கை கூடுகிறதே என்று திகைப்பவர்கள் இந்த 1979-ஐ நினைவில் வைக்க வேண்டும். வரையறை அகன்றதும் எண்ணிக்கை உயர்ந்ததற்கு ஒரு பெருங்காரணம். ஆட்டிசத்தைத் தடுப்பூசியோடு முடிச்சுப்போட்டு 1998-இல் வந்த கட்டுரையோ பன்னிரண்டு குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. 2010-இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பெற்றோரின் சொல் முறையான கருவியாக மாறியது 1980-களின் இறுதியில். பெற்றோரிடம் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் கேள்வி கேட்டுக் குழந்தையின் வளர்ச்சி வரலாற்றைத் தொகுக்கும் நேர்காணல் முறை 1989-இல் வந்தது. 1994-இல் திருத்தப்பட்ட வடிவத்தில் 93 கேள்விகள். ஒன்றரை வயதையொட்டிய குழந்தைகளுக்கான எளிய வடிகட்டும் பட்டியல் 2001-இல் உருவானது. தனக்குப் பிடித்ததை மற்றவருக்குக் காட்ட விரல் நீட்டுகிறதா என்பது அதன் முக்கியமான கேள்விகளில் ஒன்று. தமிழ் வீடுகளில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மொட்டை மாடியில் சோறூட்டும் தாய் நிலாவைக் காட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பார்க்கிறதா, விரல் காட்டும் திசையைப் பார்க்கிறதா, நிலாவைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு அவள் முகத்துக்குத் திரும்புகிறதா? அந்த மூன்றாவது பார்வையைத்தான் மருத்துவர்கள் தேடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பார்வை இல்லை என்று தாய் உணர்வதற்கும் மருத்துவரிடம் போவதற்கும் இடையே மாதங்கள் ஓடுகின்றன. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்", "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்ற ஆறுதல்கள். வசம்பைத் தேனில் இழைத்து நாக்கில் தடவும் வைத்தியம். அதன்பின், கூப்பிட்டால் திரும்பாததால் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தில் காதுப் பரிசோதனை. இந்திய நகரங்களில் 95 குடும்பங்களை ஆராய்ந்து டமாரா டேலி 2004-இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்கக் குடும்பங்களைவிட இங்கே பெற்றோர் முதல் அறிகுறியை ஆறு முதல் பத்து மாதங்கள் பிந்திக் கவனித்ததாகச் சொல்கிறது. அதே ஆய்வில் மதிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்கப் பெற்றோர் பேச்சுத் தாமதத்தையே முதலில் கண்டார்கள்; இந்தியப் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கண்டது, குழந்தை பிறரோடு ஒட்டாததை. உறவும் அக்கம்பக்கமும் நிறைந்த வீட்டில் ஒட்டாமை துலங்கித் தெரிகிறது. பெற்றோரின் அந்தக் கவனிப்பை அறியாமை என்று ஒதுக்குவது பெரும் பிழை.

இந்தியாவிலும் கதை பெற்றோரிடமே தொடங்குகிறது. டெல்லியில் மெர்ரி பருவா என்ற தாய் 1991-இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1994-இல் அதன் பள்ளி பிறந்தது. 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு குறைபாடுகள் இடம்பெற்றன, ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அந்தப் பெயரை முதன்முதலில் சட்டநூலில் ஏற்றியது. 2009-இல் நாற்பது கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல் வந்தது. ஒவ்வொரு கூறுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-ஐத் தொட்டால் ஆட்டிசம், 153-ஐத் தாண்டினால் கடுமையான நிலை. 2016-இன் புதிய சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தை ஏற்றபின், சான்றிதழ், கல்வி, இடஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோலே வாசல் ஆயிற்று. அதை நிரப்பும்போதும் பெற்றோரிடம் கேட்காமல் முடியாது.

தமிழில் இதற்குப் பெயர் வைத்த வரலாறும் கவனிக்கத்தக்கது. அரசு ஆவணங்களில் நெடுங்காலம் புழங்கிய சொல் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. புற உலகின் ஒலியும் ஒளியும் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு அந்தச் சிந்தனையே இல்லை என்று சொல்லும் பெயர் அது. 'மதியிறுக்கம்' என்பதும் அறிவைக் குறைசொல்வதாகவே ஒலிக்கிறது. பெற்றோரும் பயிற்சியாளர்களும் 'ஆட்டிசம்' என்றே சொல்லத் தலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. தானும் ஒரு தந்தையான எழுத்தாளர் யெஸ். பாலபாரதி, 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்ற நூலிலும் 'துலக்கம்' என்ற நாவலிலும் இந்தச் சொல்லையும் அதன் பின்னுள்ள வாழ்க்கையையும் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தார்.

வசதிகள் சமமாகப் பரவவில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வேண்டும் என்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஒன்று 2005 முதல் இயங்குகிறது. ஆனால் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பெறுபவை அல்ல. வாரத்தில் பல நாள் வேண்டும். சிற்றூரிலிருந்து பேருந்தில் பிள்ளையை அழைத்து வரும் தாய் தன் நாள்கூலியை விட்டுத்தான் வருகிறாள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. அவள் இழக்கும் கூலிக்கு அதில் இடமில்லை.

பதினெட்டு வயதுக்குப் பிறகு பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். தங்களுக்குப் பின் யார் என்பதைப் பெற்றோர் அந்த விண்ணப்பத்தில் எழுதித் தருகிறார்கள். அதே கேள்வியை எதிர்கொண்ட டொனால்டின் பெற்றோர் அவருக்கென நிதி ஒதுக்கி வைத்தார்கள். தாத்தா பங்கேற்றுத் தொடங்கிய வங்கியில் அவருக்கு வேலை கிடைத்தது. 27-ஆம் வயதில் கார் ஓட்டக் கற்றார். மாலையில் கோல்ஃப் ஆடினார். ஊரார் அவரை ஏற்றுக்கொண்டார்கள். தந்தை 1980-இல் இறந்தார், தாய் 1985-இல். அதன்பின் மேலும் 38 ஆண்டுகள் ஃபாரஸ்டிலேயே வாழ்ந்த டொனால்டு, 2023 ஜூனில் தன் 89-ஆம் வயதில் காலமானார்.